மேலே கனம், கீழே இலேசு
காற்றின் வரலாறு – 12

சென்ற பகுதியை 1869ஆம் ஆண்டில் நிறுத்தியிருந்தோம். மடுல்சீமையின் கல்லூல தோட்டத்தில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்தது. அந்த இலைகள் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவெய்ற்ஸின் கைக்குப் போயின. அவர் அனுப்பிய மாதிரியை இங்கிலாந்தில் பாதிரியார் பேர்க்லி ஆராய்ந்து, அதே ஆண்டில் அந்தப் பூஞ்சணத்துக்குப் பெயரும் வைத்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின் இலங்கைக்கு வந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி, பசை பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்துப் பார்த்து, நோயின் வித்திகளைக் காற்றுத்தான் தூக்கிச் செல்கிறது என்று நிறுவினார். கோப்பி அழிந்து தேயிலை வந்த கதை அங்கிருந்து தொடங்குகிறது.

காற்று சுமக்கிறது என்பதோடு வார்டின் வேலை முடிந்தது. ஆனால் காற்று ஒரே பொருள் அல்ல. மலையில் அது அடுக்கடுக்காகக் கிடக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, சூடான காற்று இலேசானது. ஓர் அடுக்கு மற்றோர் அடுக்குக்குள் புகுந்து கலப்பது எப்படி? எல்லாம் கலங்கிப் போன பிறகு, கலக்கம் எந்த வடிவத்தில் தொடங்கியது என்பதன் அடையாளம் ஏதாவது மிஞ்சுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி நூறாண்டுக்கு மேல் பல நாட்டு விஞ்ஞானிகள் உழைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சென்னையில் படித்த தமிழர். இன்னொருவர் இலங்கையர்.

*

பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் பாதையில் போனவர்களுக்கு இந்த மலைகளின் அமைப்பு தெரியும். கொழுந்து மலைகளும் பள்ளத்து ஓடைகளும் மாறி மாறி வரும். கிழக்கே பிட்டமாருவைப் பக்கம் போனால் மலை திடீரென்று அறுந்து விழுகிறது. சிறிய உலக முடிவு என்று இப்போது பயணிகள் தேடி வருகிற இடம் அது. விளிம்புக்குக் கீழே தாழ்நிலம் மகியங்கனை வரை விரிகிறது. நல்ல விடியற்காலையில் அங்கே நின்றால் முகில் நம் காலுக்குக் கீழே பரந்து கிடக்கும்.

அந்த முகிற்பரப்பைச் சற்று நேரம் விடாமல் பார்க்க வேண்டும். தூரத்தில் தட்டையாகத் தெரிந்தாலும் அது தட்டையல்ல. ஓர் இடத்தில் சிறு மேடு எழும்பும், பக்கத்தில் குழி விழும். வெயில் ஏற ஏற மேடு உருண்டு திரண்டு மேலே வரும், குழி ஆழமாகி விரலைப் போலக் கீழே இறங்கும். விரலின் இரு பக்கமும் சுருள் விழும். பிறகு எது மேடு, எது குழி என்று சொல்ல முடியாதபடி எல்லாம் பிய்ந்து கலந்துவிடும்.

இரவில் நடப்பது வேறு. வானம் தெளிந்த, காற்று அடங்கிய இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு இழக்கிறது. தரையைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனத்துப்போகிறது. கனத்த காற்று சரிவில் நிற்காது. ஓடை வழியே தண்ணீர் இறங்குவது போலவே பள்ளத்தை நோக்கி இறங்கி அங்கே தேங்கும். மேட்டு பங்களாவைவிடப் பள்ளத்து லயத்தில் விடியற்குளிர் கடுமையாக இருப்பது இதனால்தான். நுவரெலியாவில் சனவரி, பெப்ரவரி மாதங்களில் உறைபனி பள்ளங்களில் விழுந்து கொழுந்தைக் கருக்குவதும் இதே கணக்கில்தான். அப்போது கனமானது கீழே, இலேசானது மேலே. அடுக்குகள் அமைதியாக இருக்கும், கலப்பு மிகக் குறைவு.

இந்த ஒழுங்கு தலைகீழாகும்போதுதான் நம் கதை தொடங்குகிறது. காலையில் வெயில் சரிவைச் சுடுகிறது. தரையோடு ஒட்டிய காற்று முதலில் சூடேறி இலேசாகிறது, அதன் மேல் இன்னும் குளிர்ந்த காற்று உட்கார்ந்திருக்கிறது. மேலே கனம், கீழே இலேசு.

ஊவாவுக்கே உரிய இன்னொரு வழியும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது வெறும் உலர்காற்றாகிவிடுகிறது. கச்சான் என்று நம்மவர் சொல்லும் அந்தக் காற்று யூலை தொடங்கி செப்டெம்பர் வரை வீசும். ஊவாத் தேயிலையின் மணம் உலகச் சந்தையில் பேர் வாங்கியதும் அந்த மாதங்களின் கொழுந்தால்தான். பட்டிப்பொலைக்கும் ஒகியாவுக்கும் இடையே, 1,898 மீற்றர் உயரத்தில், பதுளை ரயில் பாதையின் உச்சிக் குகை இருக்கிறது. அதற்குள் மழையோடு நுழைந்து வெயிலுக்குள் வெளியே வந்த அனுபவம் அந்த ரயிலில் போன பலருக்கும் இருக்கும். அப்படி இறங்கிய உலர்காற்று ஒரு முகிலின் தலையை உரசும்போது, முகிலின் நுண்துளிகள் சில ஆவியாகின்றன. ஆவியாதல் சூட்டை உறிஞ்சும். அந்த இடத்துக் காற்று குளிர்ந்து, சுற்றியுள்ளதைவிடக் கனத்து, முகிலுக்குள்ளேயே கீழ்நோக்கி விழும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகிலின் தலையில் குழி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

*

கனமான பாய்மம் மேலே, இலேசானது கீழே என்றால் அது விழத்தானே வேண்டும், இதில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒரு குவளை நிறையத் தண்ணீர் எடுத்து, வாயை ஒரு கெட்டி அட்டையால் மூடித் தலைகீழாகக் கவிழ்த்து, அட்டையிலிருந்து கையை எடுங்கள். தண்ணீர் விழாது. பாடசாலையில் எல்லோரும் செய்திருப்போம். வளிமண்டல அமுக்கம் தாங்குகிறது என்று ஆசிரியர் சொல்லுவார். அது சரி. வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 10 மீற்றர் உயரத் தண்ணீரைத் தாங்க வல்லது. குவளையின் ஒரு சாண் தண்ணீர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

அப்படியானால் அட்டையை உருவிய மறுகணம் தண்ணீர் ஏன் கொட்டுகிறது? அமுக்கம் குறையவில்லை. தண்ணீரின் எடையும் கூடவில்லை. மாறியது ஒன்றே ஒன்று. அட்டை தண்ணீரின் பரப்பைத் தட்டையாகப் பிடித்து வைத்திருந்தது, இப்போது அந்தப் பிடி இல்லை. பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நெளிவு எப்போதும் இருக்கும். 5 சென்ரிமீற்றர் அகல நெளிவு ஒன்று, ஒவ்வொரு 0.03 செக்கனுக்கும் ஏறத்தாழ 2.7 மடங்கு வளரும். கால் செக்கனில் அது சில ஆயிரம் மடங்கு. பள்ளமான இடத்தில் காற்று குமிழாக மேலே ஏறுகிறது, மேடான இடத்தில் தண்ணீர் ஈட்டியாகக் கீழே இறங்குகிறது. பரப்பு முற்றிலும் தட்டையாக இருந்திருந்தால் தண்ணீர் எங்கிருந்து விழத் தொடங்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றிருக்கும்.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புவியீர்ப்பும் அடர்த்தி வேறுபாடும் வலிமையைத் தருகின்றன. ஆனால் எங்கே, எந்த அளவில் விழ வேண்டும் என்று முடிவு செய்வது தொடக்கத்தில் இருந்த நெளிவு. அது எவ்வளவு அற்பமாக இருந்தாலும் சரி.

*

முதலில் இதைத் தேடியவர்கள் முகிலைப் பார்த்துத்தான் தேடினார்கள். 1850களில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நாணயசாலையில் பொன்னின் மாற்றுப் பார்க்கும் வேலையில் இருந்தார் ஸ்ரான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கில இளைஞர். பின்னாளில் பொருளியலில் பெரும் பெயர் பெற்றவர் இவர். வேலை போக மிஞ்சிய நேரத்தில் வானத்தைப் பார்த்தார். உயர வானத்தில் நார் நாராகத் தெரியும் கீற்று முகில் ஏன் நாராக இருக்கிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. குளிர்ந்த தண்ணீரின் மேல் சீனி கரைத்த சூடான தண்ணீரை மெதுவாக விட்டுப் பார்த்தார். மேலிருந்து மெல்லிய விரல்கள் கீழே இறங்கின. 1857இல் கட்டுரை வெளியிட்டார். முகில் நாராவதற்கு அவர் சொன்ன விளக்கம் நிற்கவில்லை. அந்த விரல்கள் ஏன் தோன்றின என்பதற்குச் சரியான விளக்கமும், வெப்பம் சீனியைவிட வேகமாகப் பரவுவதால் வரும் தனி விளைவு அது என்ற தெளிவும் 1960 அளவில்தான் வந்தன.

ஆனால் அந்தக் கட்டுரை சரியான ஒரு கையில் போய்ச் சேர்ந்தது. 1880இல் கேம்பிரிட்ஜில் ரேலே பிரபு ஜெவன்ஸின் பரிசோதனையைத் தாமே செய்து பார்த்தார். அதைத் தொடர்ந்து அவர் எழுதி 1883இல் வெளியான கட்டுரைதான் இந்தத் துறையின் முதற்கல். கனமான பாய்மம் மேலே இருந்தால் எந்தச் சிறு நெளிவும் வளரும், நெளிவு எவ்வளவு குறுகியதோ அவ்வளவு வேகமாக வளரும் என்று கணக்கால் காட்டினார்.

அவருடைய கணக்கை மடுல்சீமைக் காற்றுக்குப் போட்டுப் பார்ப்போம். மேலடுக்கு கீழடுக்கைவிட 3 பாகை குளிர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி வேறுபாடு நூற்றில் ஒரு பங்கு மட்டுமே. 100 மீற்றர் அகல நெளிவு 2.7 மடங்காக வளர ஏறத்தாழ 18 செக்கன் பிடிக்கும். 10 மீற்றர் நெளிவுக்கு 6 செக்கன் போதும். இன்னும் சிறிய நெளிவுகள் இன்னும் வேகமாக வளரும், ஆனால் ஓர் எல்லை உண்டு. மிகச் சிறிய நெளிவைக் காற்றின் பிசுக்குமை அடக்கிவிடும். அந்த எல்லையைப் போட்டுப் பார்த்தால், நம் காற்றில் எல்லாவற்றையும் முந்தி வளரும் நெளிவு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் அகலம்தான். அரைச் செக்கனுக்குள் அது 2.7 மடங்காகும். ஆகவே போட்டி இப்படி நடக்கிறது: விரற்கடை அளவு நெளிவுகள் முதலில் கிளம்புகின்றன, தோட்ட அளவு நெளிவுகள் மெதுவாகப் பின்னால் வருகின்றன.

ரேலேயின் கட்டுரை வெளிவந்து 67 ஆண்டுகளுக்குப் பின், 1950இல், ஜி. ஐ. ரெய்லர் மீண்டும் இதே இடத்துக்கு வந்தார். அவரை இதற்குக் கொண்டுவந்தது போர். அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்தவர் அவர். இலேசான பாய்மம் கனமான பாய்மத்தைத் தள்ளி வேகம் கூட்டினாலும் இதே விளைவுதான் என்று கண்டார்; புவியீர்ப்புக்குப் பதில் அங்கே முடுக்கம். லூயிஸ் என்பவர் அதே ஆண்டில் தண்ணீரையும் அமுக்கிய காற்றையும் கொண்டு பரிசோதித்துக் கோட்பாடு சரி என்று காட்டினார். அன்றிலிருந்து இதற்கு ரேலே–ரெய்லர் நிலையின்மை என்று பெயர்.

*

இங்கே நம்மவர் ஒருவர் வருகிறார். 1910இல் லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1930இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய சுப்ரமணியன் சந்திரசேகர். விண்மீன்களின் முடிவு பற்றி அவர் செய்த ஆய்வுக்காக 1983இல் நோபல் பரிசு கிடைத்ததைத் தமிழ்ப் பாடநூல்கள் எல்லாம் சொல்கின்றன. பாய்மங்களைப் பற்றி அவர் செய்த வேலையைப் பற்றி நம் மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

சந்திரசேகர் ஒரு துறையை எடுத்தால் சில ஆண்டுகள் அதிலேயே மூழ்குவார், முடிவில் ஒரு பெரிய நூல் எழுதுவார், பிறகு அந்தத் துறையை விட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். 1950களில் சிக்காகோவில் இருந்தபோது அவர் எடுத்துக்கொண்டது பாய்மங்களின் நிலைப்பு. 1955இல், மேலே கனமும் கீழே இலேசுமான பாய்மங்களில் பிசுக்குமையையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பே ரேலேயின் 1883ஆம் ஆண்டுத் தலைப்பைத் தொட்டுத் தொடர்வதாக இருந்தது. 1961இல் வெளியான அவருடைய தடித்த நூலில் ரேலே–ரெய்லர் நிலையின்மைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். பிசுக்குமை, பரப்பிழுவிசை, சுழற்சி, காந்தப்புலம் என்று ஒவ்வொன்றும் நெளிவின் வளர்ச்சியை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று அங்கே ஒழுங்காகக் கிடைக்கும். மேலே நான் சொன்ன 2 சென்ரிமீற்றர் போன்ற கணக்குகளின் அடித்தளம் அந்த அதிகாரத்தில் இருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இத்துறையில் நுழைபவர்கள் இன்றும் அந்த நூலைக் கையில் எடுக்கிறார்கள்.

ஆனால் அந்த நூல் ஒரு வாசலில் நிற்கிறது. நெளிவு சிறியதாக இருக்கும்வரைதான் அதன் கணக்குச் செல்லும். நெளிவு வளர்ந்து, சுருண்டு, உடைந்து, கொந்தளிப்பாக மாறிய பின் என்ன நடக்கும்? வாசலைத் தாண்டிய அந்த இடத்தில்தான் அடுத்த தலைமுறை மாட்டிக்கொண்டது.

*

கொந்தளிப்பைப் பற்றி விஞ்ஞானிகளிடம் நெடுநாளாக ஒரு நம்பிக்கை இருந்தது. நன்றாகக் கலங்கிவிட்ட பாய்மம் தன் தொடக்கத்தை மறந்துவிடும் என்பதே அது. எந்த நெளிவில் கிளம்பியிருந்தாலும் சிறிது நேரத்தில் எல்லாக் கலக்கமும் ஒரே முகத்தைப் பெற்றுவிடும் என்று எண்ணினார்கள். அந்த எண்ணம் அழகானது, வசதியானதும்கூட. கலப்படுக்கின் தடிப்பு நேரத்தின் வர்க்கத்தைப் போல வளரும். இரு அடர்த்திகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் விகிதம், புவியீர்ப்பு, நேரத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கி, அல்பா என்ற ஒரே ஓர் எண்ணால் மீண்டும் பெருக்கினால் கலப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். அல்பா உலகம் முழுவதற்கும் ஒன்றே என்றால் வேலை முடிந்தது.

1984இல் இங்கிலாந்தின் அணு ஆயுத ஆய்வு நிலையத்தில் ரீட் என்பவர் அதை அளந்தார். இரு திரவங்கள் அடுக்கிய தொட்டியைச் சிறு ரொக்கெட்டுகளால் கீழ்நோக்கி உந்தித் தள்ளினார். புவியீர்ப்பைவிடப் பல மடங்கு வேகமாகத் தொட்டி இறங்கியபோது, உள்ளே மேல்–கீழ் புரண்டது. கீழே இருந்த கனமான திரவம் இப்போது மேலே இருப்பது போல ஆயிற்று. படமெடுத்து அளந்ததில் அல்பா 0.06, 0.07 அளவில் வந்தது. அதே நிலையத்தில் யங்ஸ் என்பவர் கணினியில் கணக்குப் போட்டார். கணினிகள் பெரிதாகி, கணக்கு நுணுக்கமாக ஆக, கணினி தந்த எண் பரிசோதனையோடு சேராமல் விலகியே நின்றது.

இருபது ஆண்டுகள் இந்த முரண் தீரவில்லை. பிழை கணினியிலா, தொட்டியிலா என்ற வாதம் நீண்டது. 2004இல் டிமொன்ரே என்பவரின் தலைமையில் பல ஆய்வுக்கூடங்கள் கூட்டாக, வெவ்வேறு கணினி நிரல்களை ஒரே தொடக்கத்தில் இருந்து ஓட்டிப் பார்த்தன. எல்லா நிரல்களும் ஏறத்தாழ ஒரே விடையைத் தந்தன: 0.025. பரிசோதனைகளின் சராசரியோ 0.057. இரண்டு மடங்குக்கு மேல்!

எண்ணாகப் பார்த்தால் அற்பமாகத் தெரியும். நம் மலைக் காற்றுக்கே போட்டுப் பார்ப்போம். 3 பாகை வேறுபாடு, 5 நிமிட நேரம், வேறு எந்தக் குறுக்கீடும் இல்லை என்று கொண்டால், கணினியின் எண்ணின்படி கலப்பு ஏறத்தாழ 110 மீற்றர் ஏறும். பரிசோதனையின் எண்ணின்படி 250 மீற்றர். பள்ளத்து லயத்தின் அடுப்புப்புகை கொழுந்து மலையின் பாதியில் நிற்குமா, முகட்டைத் தாண்டிப் போகுமா என்ற அளவு வித்தியாசம் அது.

விடை தொடக்கத்தில் இருந்தது. கணினிக் கணக்குகள் மிகக் குறுகிய நெளிவுகளை மட்டும் வைத்துக் கிளம்பியிருந்தன. அப்படிக் கிளம்பினால் சிறிய குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, சேர்ந்தவை மீண்டும் சேர்ந்துதான் பெரிய குமிழ்கள் உண்டாக வேண்டும். இந்த வழியில் தொடக்கம் உண்மையாகவே மறந்துபோகிறது. அல்பாவும் சிறியதாக இருக்கிறது. உண்மையான தொட்டியிலோ, யாரும் வேண்டுமென்று வைக்காத நீண்ட நெளிவுகள் முதலிலிருந்தே இருந்தன: சுவரின் மெல்லிய அதிர்வு, தொட்டியை நகர்த்தியபோது எழுந்த அலை. இந்த நீண்ட நெளிவுகள் சிறியவை சேரும்வரை காத்திருப்பதில்லை. தம்பாட்டில் வளர்ந்து, சிறியவற்றை விழுங்கி முன்னால் போய்விடுகின்றன. இந்த வழியில் கலப்பு வேகமானது, தொடக்கத்தின் அடையாளத்தையும் சுமந்து செல்கிறது. தொடக்க நெளிவின் உயரத்தைப் பத்து மடங்காக்கினால் அல்பா பத்து மடங்காவதில்லை, ஒரு படி ஏறும். இன்னும் பத்து மடங்காக்கினால் இன்னும் ஒரு படி. மெதுவான ஏற்றம்தான், ஆனால் நிற்பதில்லை.

எல்லாக் கலக்கத்துக்கும் ஒரே எண் என்ற நம்பிக்கை அதோடு உடைந்தது.

*

உடைந்த பிறகு நடந்த வேலைகளில் நம் பக்கத்துப் பெயர்கள் பல வருகின்றன. அமெரிக்காவின் ரெக்சாஸில் மல்கம் அன்ட்ரூஸின் ஆய்வுக்கூடத்தில் ஒரு நீண்ட நீரோடை கட்டினார்கள். ஒரு மெல்லிய தகட்டுக்கு மேலே குளிர்ந்த தண்ணீர், கீழே அதைவிட 5 பாகை அளவு சூடான தண்ணீர், இரண்டும் ஒரே வேகத்தில் ஓடி வரும். தகடு முடியும் இடத்தில் இரண்டும் சந்திக்கும். ஓட்டத்தோடு நகர நகர, ஒவ்வொரு கட்டத்திலும் கலப்பை ஆற அமர அளக்கலாம். ரொக்கெட் தொட்டியில் கண்ணிமைப்பில் முடிந்துபோவதை இங்கே நிதானமாகப் பார்க்க முடிந்தது. பிரவீன் இராமபிரபு அங்கே செய்த அளவீடுகள் 2004இல் வெளிவந்தன. அடுத்த ஆண்டு டிமொன்ரேயும் அன்ட்ரூசும் அவரும் சேர்ந்து, தொடக்க நெளிவை மாற்றினால் கலப்பு எப்படி மாறுகிறது என்பதைக் கணினியில் ஒவ்வொன்றாகச் சோதித்து வெளியிட்டார்கள்.

லொஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் நடந்தது இன்னும் நுட்பமானது. காற்றைவிட ஐந்து மடங்கு கனமான ஒரு வாயுவை வரிசையான சிறு குழாய்களின் வழியே மெல்லிய திரை போல விழவிட்டு, அதன் மேல் அதிர்ச்சியலை ஒன்றை மோதவிட்டார்கள். அலை திரையைக் கடந்து, சுவரில் பட்டுத் திரும்பி, மறுபடியும் மோதும். இங்கே புவியீர்ப்புக்குப் பதில் கணநேரத் தட்டு. 1960இல் ரிச்மையர் கணக்கில் சொல்லி, 1969இல் சோவியத் ஒன்றியத்தில் மெஷ்கோவ் பரிசோதனையில் காட்டிய நிலையின்மை இது. குழாய்களின் அமைப்பை மாற்றினால் திரையின் தொடக்க வடிவம் மாறும். கத்தரின் பிரெஸ்ட்ரிட்ஜின் குழுவில் ஸ்ரீதர் பாலசுப்ரமணியனும் பி. ஜே. பாலகுமாரும் அதைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். திரும்பி வந்த அலை எல்லாவற்றையும் அடித்துக் கலக்கிய பின்னும், திரை எந்த வடிவத்தில் தொடங்கியது என்பது கலப்பில் தெரிந்தது. 2012இல் அந்த முடிவு வெளிவந்தது. பாலசுப்ரமணியன் பின்னர் மும்பை ஐ.ஐ.டி.யில் ஆசிரியரானார்.

இவ்வளவு செலவில் இதை ஏன் ஆராய்கிறார்கள் என்றால், அணுக்கரு இணைவு ஒரு பெரிய காரணம். மிளகளவுக் கோளத்தை லேசர் கொண்டு நசுக்கும்போது ரெய்லர் கண்ட அதே நிலை உண்டாகிறது. கலிபோர்னியாவின் தேசிய எரியூட்டு நிலையத்தில் பல ஆண்டுகள் கோளம் எரியாமல் போனதற்கு, அதைத் தாங்கிப் பிடித்த, பல பத்து நானோமீற்றர் தடிப்பே உள்ள ஒரு படலத்தின் தடமும், எரிபொருள் ஏற்றிய நுண்குழாயின் தடமும் பங்களித்தன. அவற்றைக் குறைத்து, கோளத்தின் பரப்பைச் செம்மையாக்கி, வேறு பலவும் திருத்தி, 2022 டிசம்பர் 5இல் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலுக்கு 3.15 மெகாஜூல் திரும்பக் கிடைத்தது.

*

மலைக்குத் திரும்ப ஹரிந்திர பெர்னாண்டோவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இலங்கையில் இயந்திரப் பொறியியல் படித்து, 1983இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அடுக்குப் பாய்மங்களில் கொந்தளிப்புக் கலப்பு என்பதுதான் அவருடைய துறை. 1991இல் அதைப் பற்றி அவர் எழுதிய தொகுப்புக் கட்டுரை இத்துறையில் பரவலாக எடுத்தாளப்படுகிறது. ஆய்வுக்கூடத் தொட்டியில் தொடங்கியவர் படிப்படியாக மலைகளுக்கு ஏறினார். நொட்ர டாம் பல்கலைக்கழகத்தில் இருந்து அவர் தலைமை தாங்கிய மெற்றர்ஹோர்ன் திட்டம், 2012 இலையுதிர் காலத்திலும் 2013 வசந்தத்திலும் அமெரிக்காவின் யூற்றா மாநிலத்துப் பாலை மலையொன்றைக் கருவிகளால் சூழ்ந்து, சரிவில் குளிர்காற்று இறங்குவதையும் பள்ளத்தில் தேங்குவதையும் இரவு பகலாக அளந்தது.

அதில் கண்ட ஒன்று நம் மலைகளுக்கும் நேராகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். சரிவில் இறங்கும் குளிர்காற்றும் பள்ளத்தாக்கின் வழியே வரும் குளிர்காற்றும் வெவ்வேறு குளிர்ச்சியுடையவை, அதாவது வெவ்வேறு அடர்த்தி. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில், அமைதியாக இருக்க வேண்டிய இரவுக் காற்றில் திடீரென்று கொந்தளிப்பு வெடிக்கிறது, பிறகு அடங்குகிறது. வானிலை மாதிரிகளின் பெரிய கட்டங்களுக்குள் இது அகப்படுவதில்லை. தரையின் ஈரம் எவ்வளவு, மாலையில் காற்று எந்த வெப்பநிலையில் விடப்பட்டது என்ற தொடக்க விபரங்கள் சற்றுப் பிசகினாலும் விடியற்காலைக் கணிப்பு பிழைத்துவிடுகிறது.

மடுல்சீமையில் தொடக்க நெளிவுகளைத் தேடி ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு ஓடையும் ஒரு நெளிவு. தேயிலை நிரைகளும் அவற்றுக்கிடையே வெட்டிய கானும் மீற்றர் அளவு நெளிவு. நிழல்மரங்கள் பத்து மீற்றர் அளவு. கவாத்து வெட்டிய மலை கறுத்துக் கிடந்து வெயிலை வேகமாக உறிஞ்சும். பக்கத்தில் பச்சையாக நிற்கும் மலை மெதுவாகச் சூடேறும். அந்த இரண்டின் எல்லை நூறு மீற்றர் அளவு நெளிவு. தோட்டத்தில் எந்த ஆண்டு எந்த மலை கவாத்து என்பது பெரட்டுக்களத்தில் எல்லோருக்கும் தெரிந்த விபரம். காலை முகில் எங்கே முதலில் கிழியும் என்பதற்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பது என் துணிபு.

அதை அளந்து பார்க்க ரொக்கெட் வேண்டாம். ஓடைக்கரையில் ஒன்று, லயத்து வாசலில் ஒன்று, நடு மலையில் ஒன்று, முகட்டில் ஒன்று என்று நான்கு வெப்பமானிகளை நிழலில், ஒரே உயரத்தில் கட்டி, மாலை ஆறு மணியிலிருந்து காலை ஒன்பது மணி வரை மணிக்கொரு முறை குறித்தால் அடுக்குகள் தெரியத் தொடங்கும். எந்த மலை கவாத்து, எந்த மலை பச்சை என்பதையும், முகில் முதலில் விலகிய இடத்தையும் கூடவே குறிக்க வேண்டும். கச்சான் வீசும் ஓகஸ்ற்றிலும், காற்று அடங்கிய பெப்ரவரியிலும் இதைச் செய்தால் இரண்டு வேறு கதைகள் கிடைக்கும். தோட்டப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்கள் இதை எடுத்துச் செய்ய முன்வந்தால், அந்த ஏட்டின் பிரதியை இந்தத் தொடருக்கு அனுப்புங்கள்.

அடுத்த பகுதியில் காற்றை விட்டுக் கடலுக்கு இறங்குவோம். ஊவாவின் மலைகளிலிருந்தும் தண்ணீரை வாங்கிக்கொண்டு மகாவலி திருகோணமலைக்குத் தெற்கே கடலில் விழுகிறது. இலேசான ஆற்றுநீர் கனத்த உப்புநீரின் மேல் படர்ந்து கிடக்கும் வங்காள விரிகுடாவில், மேலடுக்கும் கீழடுக்கும் எளிதில் கலக்காமல் இருப்பது பருவமழையையே எப்படித் தொடுகிறது என்பதை அங்கே பார்ப்போம்.